500 தீப்பெட்டியும் முதல் ஜாவா நிரலும்

குடியாத்தத்தில் என் அம்மா தீப்பெட்டி அடுக்கிக் கட்டும் வேலை செய்தார். 12 பெட்டி ஒரு டஜன், 12 டஜன் ஒரு குரோஸ், அதாவது 144. கட்டி முடித்ததும் மீதியைத் தனியே எண்ணி ஒதுக்கி வைப்பார். இன்று நான் வேலூரில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு ஜாவா என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் நாள் கரும்பலகையில் எழுதுவது அம்மாவின் கணக்கைத்தான்: 500 பெட்டி இருந்தால் எத்தனை குரோஸ், எத்தனை டஜன், மீதி எத்தனை?

கணினியை இப்போது தொட வேண்டாம், நோட்டை எடுங்கள். ஜாவாவில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான். புள்ளிக்குப் பின்னால் இருப்பது வெட்டப்பட்டுவிடும். ஆகவே 500 / 144 என்பது 3. மீதியைக் கேட்க % குறி இருக்கிறது: 500 % 144 என்பது 68. அந்த 68 / 12 என்றால் 5, 68 % 12 என்றால் 8. மூன்று குரோஸ், ஐந்து டஜன், எட்டுப் பெட்டி.

இதைக் கட்டம் போட்டு எழுதுங்கள். இடது ஓரத்தில் வரி எண், தலைப்பில் ஒவ்வொரு மாறியின், அதாவது மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்தின், பெயர். ஒரு வரி ஓடியதும் எந்த மாறிக்குப் புது மதிப்பு வந்ததோ, அதன் கீழே மட்டும் எழுதுங்கள். நான் படித்த காலத்தில் குடியாத்தத்தில் பஸ் ஏறினால் லத்தேரி தாண்டி காட்பாடி வருவதற்குள் இப்படி இரண்டு நிரல்களை நோட்டிலேயே ஓட்டி முடித்துவிடுவேன். வீட்டில் கணினி கிடையாது. அந்தக் கட்டங்கள்தான் என்னைத் தேற்றின.

இனி கணினிக்கு வாருங்கள். முதல் மாதம் நோட்பேட் போதும், நீங்கள் தட்டச்சு செய்வதற்கு முன்பே மீதியை எழுதிக்கொடுக்கும் பெரிய மென்பொருள்கள் வேண்டாம். தொடக்கத்தில் வரும் 'பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்ட் மெயின்' வரியைப் பார்த்து மிரளாதீர்கள். நிரல் எங்கிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. இப்போதைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். ஒவ்வொரு சொல்லின் பொருளும் போகப் போக விளங்கும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. ஆனால் ஜாவாவுக்கு அவை வேறு வேறு எழுத்துகள். எழுத்துத் தொடரைக் குறிக்கும் 'ஸ்ட்ரிங்' என்பதன் முதல் எழுத்தைச் சின்னதாக அடித்தால், நாம் எழுதியதை ஓடக்கூடிய வடிவுக்கு மாற்றித்தரும் கம்பைலர் 'கேனாட் ஃபைண்ட் சிம்பல்' என்று நிறுத்திவிடும். 'இந்தப் பெயரை எனக்குத் தெரியாது' என்பதுதான் அதற்குப் பொருள். பப்ளிக் என்று அறிவித்த கிளாஸின், அதாவது நிரலைப் பொதிந்து வைக்கும் கட்டமைப்பின், பெயரும் கோப்பின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

பிழைச் செய்தி வந்ததும் பலர் திரையை மூடிவிட்டுப் பக்கத்து நண்பரைப் பார்க்கிறார்கள். எனக்கு மனம் வருந்துவது அப்போதுதான். கணக்கு அவர்களுக்கு வருகிறது, ஆங்கில வரியைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். செய்தியை வாய்விட்டுப் படியுங்கள், நோட்டில் உங்கள் தமிழில் எழுதுங்கள். 18 பிழைகள் வந்தாலும் முதலாவதை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் செய்யுங்கள். நடுவில் ஓர் அடைப்புக்குறியைக் கூடுதலாக மூடிவிட்டால் அதன் பிறகு வரும் சரியான வரிகள்கூடத் தவறாகத் தெரியும். அடைப்பை மூட மறந்தாலோ, கம்பைலர் கோப்பின் கடைசி வரியைக் காட்டும். குற்றம் மேலே எங்கோ இருக்கும்.

செய்முறைத் தேர்வில் நான் மதிப்பெண் இழந்த இடம் வேறு. வயதை, முழு எண்ணை வாங்கும் 'நெக்ஸ்ட்இன்ட்' கொண்டும், பெயரை, முழு வரியை வாங்கும் 'நெக்ஸ்ட்லைன்' கொண்டும் வாங்கினேன். 18 என்று அடித்து என்டர் தட்டியதும், பெயரைக் கேட்டு நிற்காமலேயே நிரல் முடிந்துவிட்டது. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. கை நடுங்கியது. அன்று விளங்காதது இதுதான்: நெக்ஸ்ட்இன்ட் 18ஐ மட்டும் எடுத்துக்கொள்கிறது, நாம் தட்டிய என்டரை அப்படியே விட்டுவிடுகிறது. அடுத்து வரும் நெக்ஸ்ட்லைன் அந்த என்டர் வரை படித்து, வரி முடிந்தது என்று வெற்று வரியைக் கொடுத்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே இன்னொரு நெக்ஸ்ட்லைன் எழுதி அந்த என்டரை விழுங்கச் செய்யுங்கள்.

பெயர்களை ஒப்பிடும்போது == போடாதீர்கள். இரண்டும் நினைவகத்தில் ஒரே இடத்தில் இருப்பவைதானா என்று மட்டுமே அது பார்க்கும். எழுத்துகள் ஒன்றா என்று பார்க்க 'ஈக்குவல்ஸ்' வேண்டும். வரிசையில் 5 மதிப்பெண்கள் இருந்தால் இடங்கள் 0 முதல் 4 வரை. 5ஐக் கேட்டால் நிரல் ஓடும்போதே நின்றுவிடும். இவை இரண்டும் கட்டம் போட்டுப் பார்த்தாலே விளங்கிவிடும்.

வீட்டில் எழுதியதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும்போது நீங்கள் தட்டச்சு செய்த மூலக் கோப்பை எடுத்துச் செல்லுங்கள். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டபோது, ஒரு முறை எழுதினால் எந்தக் கணினியிலும் ஓடும் என்பதே அதன் பெருமையாக இருந்தது. கம்பைலர் தரும் பைட்கோடு விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் புதிய பதிப்பில் கம்பைல் செய்த கோப்பை ஆய்வகத்தின் பழைய பதிப்பு ஏற்காது. மூலக் கோப்பு கையில் இருந்தால் அங்கேயே மறுபடி கம்பைல் செய்துகொள்ளலாம்.

இப்போது தீப்பெட்டி நிரலுக்குத் திரும்புங்கள். 500ஐ எடுத்துவிட்டு, எண்ணிக்கையைப் பயனரிடமே கேளுங்கள். 144 கொடுங்கள், 11 கொடுங்கள், 0 கொடுங்கள். ஒவ்வொரு முறையும் விடையை முதலில் நோட்டில் எழுதிவிட்டு என்டர் தட்டுங்கள். பிறகு 300 கோடி கொடுத்துப் பாருங்கள். நிரல் நின்றுவிடும், ஏனெனில் 'இன்ட்' என்ற முழு எண் வகை கொள்ளும் மிகப் பெரிய எண் 2,147,483,647தான். அந்தச் செய்தியையும் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மாறிகளின் வகையை இன்னும் பெரிய எண் கொள்ளும் 'லாங்' என்றும், வாங்கும் இடத்தை 'நெக்ஸ்ட்லாங்' என்றும் மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.