மேற்கோள் காட்டும் முன் ஒரு தேடல்

ஆய்வுக் கட்டுரைக்குச் சான்று தேடும் மாணவர்கள் பலர், இதழின் பெயரைப் பார்த்ததுமே நம்பிவிடுகிறார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா நோய்களுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரை 1998இல் வந்தது ஏதோ பெயர் தெரியாத இதழில் அல்ல, புகழ்பெற்ற மருத்துவ இதழான 'லான்செட்'டில்! ஆராய்ந்தது வெறும் 12 குழந்தைகளை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவே இல்லை. இதழ் அதைத் திரும்பப் பெற்றது 2010இல்தான். அதற்கு முன் யாரோ இறக்கி வைத்த பிரதியில் இந்தச் செய்தி எப்படி இருக்கும்?

ஆகவே, மருத்துவக் கட்டுரை என்றால் தலைப்பை, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் 'பப்மெட்' தளத்தில் இட்டுத் தேடுங்கள். திரும்பப் பெற்றிருந்தால் அங்கேயே எச்சரிக்கை தெரியும். மற்ற துறைகளுக்கு இதழின் சொந்தத் தளம். அப்படியே ஆய்வுமுறைப் பகுதியையும் படித்துவிடுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டும் பழக்கம் எனக்கும் இருந்தது.