அப்புச்சிக்குக் குழாய் வழியே கஞ்சி

அப்புச்சிக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கோபியிலிருந்து கோவைக்குக் கூட்டிப்போனபோது 38 கிலோதான் இருந்தார். பொதுவாக வாய் வழியே எண்டோஸ்கோப் (கேமரா உள்ள வளையும் குழாய்) விட்டு, வயிற்றின் மேலிருந்து இரைப்பைக்குள் உணவு ஊற்றும் 'பெக்' குழாய் வைப்பார்கள். அவருக்குக் கட்டி அடைத்திருந்ததால் எண்டோஸ்கோப் போகப் பாதையே இல்லை. அதனால் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, அதன் வழியே கேமரா விட்டுப் பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் இரைப்பைக்குள் குழாய் வைத்தார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

குழாய் வைத்ததும் "நல்லா ஊத்துங்க கண்ணு, தேறிக்குவாரு" என்றார் பெரியம்மா. ஆசைதான். ஆனால் பல நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று நிறைய ஊற்றினால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து, இதயத் துடிப்பே தடுமாறலாம். டாக்டர் குறித்துக்கொடுத்த அளவுக்கு மேல் ஒரு கரண்டிகூட வேண்டாம். இரத்தப் பரிசோதனை பார்த்து அவர்களே கூட்டுவார்கள். எங்களுக்கு அந்தப் பொறுமைதான் கஷ்டமாக இருந்தது.

கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்யும், அதில் படுக்கவைத்து ஊற்றாதீர்கள். நாங்கள் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தோம். ஊற்றி முடித்து ஒரு மணி நேரம் அப்படியே சாய்ந்திருக்கட்டும், இல்லையென்றால் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், நான் வடிகட்டாமல் ஊற்றிய ராகிக் கஞ்சி குழாயை அடைத்துக்கொண்டது. பதறிப்போனேன். வெதுவெதுப்பான தண்ணீரை 50 மில்லி சிரிஞ்சில் எடுத்து, மெதுவாகத் தள்ளி, இழுத்து, தள்ளி, கால் மணி நேரத்தில் சரியானது. கம்பியோ குச்சியோ விடவே கூடாது. அப்புறம் எதையும் மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். மாத்திரையைப் பொடிக்கும் முன் கேளுங்கள், சிலவற்றைப் பொடிக்கக் கூடாது.

தோலோரம் குழாயில் எந்த அளவு எண் தெரிகிறது என்று தினமும் பாருங்கள், மாறியிருந்தால் குழாய் நகர்ந்திருக்கிறது. முதல் சில வாரங்களில் குழாய் கழன்றால் நீங்களாகத் திரும்பச் செருகாதீர்கள். குழாய் போகும் பாதை இன்னும் ஆறி உறுதியாகியிருக்காது, வயிற்றறைக்குள் வேறெங்காவது போய்விடும். சுத்தமான துணியால் மூடி உடனே கிளம்புங்கள், சில மணி நேரத்தில் துளை மூடிக்கொள்ளும். காய்ச்சல், வயிற்றுவலி, சீழ் என்றாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

வாயால் எதுவும் சாப்பிடாவிட்டாலும் காலையும் இரவும் வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள். அப்புச்சி அதற்காகவே எழுந்து உட்கார்ந்திருப்பார்.