ரீபாண்டிங்கை நிறுத்திச் சுருட்டை முடிக்குத் திரும்ப: என் 22 மாதங்கள்

முதல் ரீபாண்டிங்கை, அதாவது மருந்தும் சூடும் வைத்து முடியை நிரந்தரமாக நேராக்குவதை, 2014-இல், அக்கா கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் செய்துகொண்டேன். வயது 23. அதற்கப்புறம் எட்டொன்பது மாதத்துக்கு ஒரு தடவை, புதிதாக வளர்ந்த வேர்ப்பக்கத்துக்கு மட்டும் டச்சப். 2021 ஜனவரியில் போட்டதுதான் கடைசி. அடுத்தது வரவேண்டிய நேரத்தில் எனக்கு எட்டாம் மாதம். மூன்று மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியாது, அந்த மருந்து வாடையும் வேண்டாம் என்று தள்ளிப்போட்டேன்.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது ஒரு நாள் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடி ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து வேரிலிருந்து நுனி வரை உருவிப் பார்த்தேன். முதல் அரை அடி விரலில் நெளிந்து நெளிந்து வந்தது. ஓர் இடத்தில் சட்டென்று நெளிவு நின்று, அதற்குக் கீழே தூண்டில் நரம்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. என் முடி இப்படித்தான் இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்றைக்கே நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்தேன்.

நீங்களும் அந்த யோசனையில் இருந்தால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ரீபாண்டிங் செய்த முடி திரும்பச் சுருளாது. அந்த க்ரீமில் இருக்கும் அம்மோனியம் தயோகிளைகோலேட், முடியின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. சூட்டு அயர்ன் முடியை நேராக இழுக்கிறது. கடைசியாகப் போடும் நியூட்ரலைசர் அந்த நேர் வடிவத்திலேயே பிணைப்புகளைப் பூட்டிவிடுகிறது. ஆகவே அந்தப் பகுதி வெட்டப்படும் வரை நேராகவே இருக்கும். ‘பழைய சுருளைக் கொண்டுவருகிறோம்’ என்று யாராவது ட்ரீட்மென்ட் விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். கெரட்டின் ட்ரீட்மென்ட் மட்டும் போட்டவர்களுக்குக் கதை வேறு. அது சில மாதங்களில் கழுவக் கழுவப் போய்விடும். ஸ்மூத்தனிங் என்ற பெயரில் பல பார்லர்களில் போடுவது ரீபாண்டிங் மருந்தின் தம்பிதான். உங்களுக்கு என்ன போட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அப்புறம் கணக்குப் போடுங்கள்.

கணக்கு இதுதான்: முடி மாதத்துக்கு 1 முதல் 1.25 செ.மீ. வளரும். ஒரு வருடத்துக்கு அரை அடி. சுருட்டை முடி காய்ந்ததும் சுருங்கும், அதனால் அந்த அரை அடியும் கண்ணுக்குப் பாதியாகத்தான் தெரியும். ஆறாவது மாதத்தில் “வளரவே இல்லை” என்று நிறைய பேர் பார்லருக்குத் திரும்பிப் போவது இதனால்தான். ஒரு முடியை ஈரத்தில் நீட்டி ஸ்கேலால் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். சோர்ந்துபோன நாட்களில் எனக்குத் தைரியம் கொடுத்தது அந்த நோட்டுதான்.

இந்தப் பாதையில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள். முடியை நேராக்க அவர்கள் பயன்படுத்தும் ரிலாக்சர் க்ரீமில் பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற கடுமையான காரம் இருக்கும். நம் ரீபாண்டிங் மருந்து வேறு. ஆனால் விட்டு வெளியே வரும் வழி ஒன்றுதான். நேர் முடியை ஒரேயடியாக வெட்டிவிடுவதை அவர்கள் ‘பிக் சாப்’ என்பார்கள்; வெட்டாமல் வளர்த்துக்கொண்டே வருவதை ‘டிரான்சிஷன்’. இயற்கையான முடியோடு வேலைக்கும் பள்ளிக்கும் போனதற்காகவே அவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். அதைத் தடுக்க கலிஃபோர்னியாவில் 2019-இல் தனிச் சட்டமே வந்தது. அவர்களுடைய வீடியோக்களைப் பார்த்துத்தான் நான் பாதி கற்றுக்கொண்டேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: அவர்கள் பூசும் கெட்டியான ஷியா பட்டர் வகைகளை அப்படியே நாம் பூசினால் சுருள் பாரத்தில் தொங்கிவிடும். நமக்குக் கொஞ்சம் இலேசானது போதும்.

பிக் சாப் நமக்குப் புதிதில்லை, மொட்டை அடிக்கிற ஊர்தானே. பழனிக்கோ சமயபுரத்துக்கோ வேண்டுதல் இருந்தால் அதை நிறைவேற்ற இதைவிட நல்ல நேரம் கிடையாது, யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். வேண்டுதல் இல்லாமல் ஒரு பெண் கிராப் வெட்டினால்தான் “என்ன வியாதி?” என்று வருவார்கள். எனக்கு அதற்குத் தெம்பில்லை, கைக்குழந்தை வேறு. வளர்த்தே வந்தேன்.

முடியைவிட வாய்களைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. திண்டுக்கல்லிலிருந்து வந்த அம்மா வாசலிலேயே ஆரம்பித்தார்: “நல்லாப் படிஞ்சு கெடந்த முடிய எதுக்குடி பரட்டையாக்கி வச்சிருக்க?” நான் பதில் சொல்லவில்லை. அப்பத்தாதான் உள்ளேயிருந்து, “சுருட்ட முடி சோறு போடும்டி, பேசாம இரு” என்றார். கோயம்புத்தூர்க்காரரான என் மாமியார் வேறு மாதிரி. வருகிறவர்களிடமெல்லாம், “பிரசவத்துக்கப்புறம் இப்படி ஆயிருச்சுங்க” என்று வருத்தத்தோடு சொல்லி, எனக்கு எண்ணெய் காய்ச்சித் தந்துகொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஈர முடியைக் காட்டி, “இங்கிருந்து இதுவரைக்கும் என்னோட முடி அத்தை, இதுக்குக் கீழ பார்லர் முடி” என்று விரலால் தொடவைத்தேன். தடவிப் பார்த்தவர், “அட, இது உன் புள்ளையோட முடியாட்டமே இருக்குது கண்ணு” என்றார். அப்புறம் அவர் யாரிடமும் வருத்தப்படவில்லை. பெரியவர்களிடம் வாதாடுவதைவிடக் கையில் தொட்டுக் காட்டுவது வேலை செய்கிறது.

பணக் கணக்கும் உதவும். ஒரு டச்சப் 4,500 ரூபாய், ஏழு வருடத்தில் எட்டு தடவை. 36,000 ரூபாய் என்றதும் என் கணவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

உடம்புக்கு ஆபத்தா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. முடியை நேராக்கும் ரசாயன மருந்துகளை அடிக்கடி, அதாவது வருடத்தில் நாலு தடவைக்கு மேல், பயன்படுத்தியவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாக இருந்தது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. என்னைப் போல எட்டொன்பது மாதத்துக்கு ஒரு தடவை போட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் வரமாட்டார்கள். இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்தாதீர்கள், நீங்களும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆபீசில் மேலே இருந்த ஒருவர், “கொஞ்சம் நீட்டா வாங்க” என்றார். “என் முடியே இதுதான் சார், கட்டித்தான் வந்திருக்கேன்” என்று ஒரே தடவை சிரிக்காமல் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னால் மன்னிப்புக் கேட்பது போலாகிவிடும். வரன் பார்க்கும் பெண்களுக்கு என் கருத்து: “கல்யாணம் முடியட்டும், அப்புறம் விட்டுக்கலாம்” என்பதைக் கேட்காதீர்கள். நேர் முடியோடு போட்டோ கொடுத்தால் பிறகு அந்த போட்டோவைக் காப்பாற்றவே டச்சப் போட வேண்டியிருக்கும்.

இனி பராமரிப்பு. சுருளும் நேரும் சேரும் இடம்தான் தலையிலேயே பலவீனமான இடம். முடி அங்கேதான் அறும். காய்ந்த முடியில் சீப்பு வைக்காதீர்கள். கண்டிஷனர் வழுவழுவென்று இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போங்கள். சிக்கு வந்தால் அதற்கு மேலே முடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விரலால் பிரியுங்கள். துண்டால் அடித்துத் துவட்டாமல் பழைய பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். அயர்ன் பக்கமே போகாதீர்கள். நேர்ப் பகுதிக்குப் பொருத்தமாக வேரை அயர்ன் செய்தால் புதுச் சுருளும் கெட்டுப்போகும்.

சீப்பில் வரும் முடியைத் தூக்கிப் போடாமல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. பிரசவமானவர்களுக்கு மூன்றாம் நான்காம் மாதத்தில் இப்படிக் கொத்தாகக் கொட்டும், பிறகு தானே நிற்கும். குமிழ் இல்லாமல் துண்டு துண்டாக இருந்தால் உடைகிறது என்று அர்த்தம். அப்படியானால் சீப்பைக் குறைத்து, நுனியை வெட்டுங்கள்.

தலைக்குக் குளிப்பதற்கு முந்தின இரவு தேங்காய் எண்ணெய் நல்லது. அது முடிக்குள் இறங்கும். கழுவும்போது புரதம் போவதைக் குறைக்கும். அரப்பும் சீயக்காயும் என் மாமியாருக்கு உயிர், ஆனால் தூள் சுருளுக்குள் மாட்டிக்கொண்டால் எடுப்பதற்குள் பத்து முடி போகும். விட மனசில்லையென்றால் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். எங்கள் குடியிருப்பில் போர்வெல் உப்புத் தண்ணிதான். அதில் அலசினால் முடி தென்னை நார் போலாகும். கடைசி இரண்டு சொம்பு மட்டும் சிறுவாணித் தண்ணி ஊற்ற ஆரம்பித்தேன், அதற்கே பெரிய வித்தியாசம் தெரிந்தது.

ஜெல் வீட்டிலேயே செய்யலாம். கால் கப் ஆளி விதையை இரண்டு கப் தண்ணீரில் போட்டு, கிளறிக்கொண்டே கொதிக்கவையுங்கள். கரண்டியைத் தூக்கினால் முட்டை வெள்ளைக்கரு போல நூலாக இறங்க வேண்டும். உடனே அடுப்பை அணைத்து, சூட்டோடு மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஆறினால் வடியாது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

இரண்டு வித முடியும் ஒன்று போலத் தெரிய எனக்குக் கை கொடுத்தது சடைதான். முக்கால் ஈரம் காய்ந்ததும் ஜெல்லைத் தடவி, தளர்வாக நாலு சடை பின்னி, நுனியைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுத் தூங்கிவிடுவேன். காலையில் பிரித்தால் நேர்ப் பகுதியும் நெளிந்திருக்கும், கோடு தெரியாது. அவசர நாளில் தாழ்வான கொண்டை. இறுக்கி மட்டும் கட்டாதீர்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஓர் அங்குலம் வெட்டிக்கொண்டே வந்தேன். 2022 நவம்பரில் சுருள், நீட்டினால் தோளைத் தொட்டது. மிச்சமிருந்த நேர் முடி முழுவதையும் அன்றைக்கு எடுத்துவிட்டேன். கடைசி வெட்டுக்குப் போகும்போது முடியைக் கழுவி, சீவாமல் காயவைத்துக்கொண்டு போங்கள். ஈரத்தில் நீட்டிப் பிடித்து வெட்டினால் காய்ந்ததும் நினைத்ததைவிட ரொம்ப மேலே ஏறிவிடும். “சுருள் முடிகிற இடத்துக்குக் கீழே மட்டும், ஒவ்வொரு கற்றையாக” என்று சொல்லுங்கள். பார்லர்காரம்மா என்னிடம், “எண்ட் மட்டும் லைட்டா ஸ்ட்ரெயிட் பண்ணிடலாமா மேடம்?” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெட்டி விழுந்த கற்றையில் ஒன்றை எடுத்து அந்த நோட்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.