பிரீமியரில் இருந்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குப் போய் வந்தாலும் தரம் குறையாமல் இருக்க

வீடியோவை பிரீமியர் ப்ரோவில் வெட்டி முடித்தாச்சு. நடுவில் ஒரு ஷாட்டில் மட்டும் பின்னால் தெரியும் மின்கம்பியை அழிக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் பலர் அந்த ஷாட்டை எம்பி4 ஆக எடுத்து, எஃபெக்ட் வேலைக்கான மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் வேலை செய்து, திரும்ப எம்பி4 ஆகவே கொண்டு வருவார்கள். பிறகு முழு வீடியோவையும் யூடியூபுக்காக இன்னொரு முறை எம்பி4 ஆக்குவார்கள். எம்பி4 ஃபைலுக்குள் பெரும்பாலும் இருப்பது ஹெச்.264 என்ற சுருக்கும் முறை. அது ஒவ்வொரு முறையும் விவரங்களைத் தூக்கிப் போட்டுத்தான் ஃபைலைச் சின்னதாக்குகிறது. மூன்றாவது சுற்றில் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும், முடி ஓரங்கள் கசகசவென்று ஆகும்.

இதைத் தவிர்க்க, நடுவழியில் ஹெச்.264 பக்கமே போகாதீர்கள். அது கடைசி எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும்.

படி 1: ஷாட்டைத் தனியாக எடுங்கள்

முழு டைம்லைனையும் அனுப்ப வேண்டாம். எஃபெக்ட் தேவைப்படும் ஷாட்டை மட்டும் காப்பி செய்து, அதே செட்டிங்ஸ் உள்ள புது சீக்வென்ஸில் (தனி டைம்லைனில்) ஒட்டுங்கள். இரண்டு ஓரங்களையும் 12 ஃபிரேம் வரை இழுத்து நீட்டிக்கொள்ளுங்கள். இதற்கு ஹேண்டில்ஸ் என்று பெயர். நாளைக்கு டைரக்டர் வந்து 'கட்டை இன்னும் கொஞ்சம் முன்னாடி வைக்கலாமே' என்றால் திரும்ப ரெண்டர் போட வேண்டியிருக்காது. கலர் கரெக்‌ஷன் செய்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கலர் வேலை எஃபெக்ட்ஸுக்கு அப்புறம்தான்.

படி 2: ப்ரோரெஸ் ஆக எக்ஸ்போர்ட்

ப்ரோரெஸ் என்பது விவரங்களை அதிகம் இழக்காமல் சேமிக்கும், எடிட்டிங்குக்கான வீடியோ வடிவம். ஃபார்மட்டில் குயிக்டைம், பிரீசெட்டில் ஆப்பிள் ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ. ஃபிரேம் அளவும் ஃபிரேம் ரேட்டும் சீக்வென்ஸில் உள்ளபடியே இருக்கட்டும். 'ரெண்டர் அட் மேக்ஸிமம் டெப்த்' டிக் செய்யுங்கள். விண்டோஸில் ப்ரோரெஸ் வராது என்று பழைய வீடியோக்களில் சொல்வார்கள். 2018 கடைசியிலேயே அடோபி அதைக் கொண்டுவந்துவிட்டது.

ஃபைல் அளவைப் பார்த்துப் பதறாதீர்கள். 1080பி, 25 ஃபிரேம் என்றால் நொடிக்குச் சுமார் 23 எம்பி, நிமிடத்துக்கு 1.4 ஜிபி அளவுக்குப் போகும். போனில் எடுத்த வீடியோவை ப்ரோரெஸ் ஆக்கினால் தரம் கூடிவிடாது. இருப்பது போகாமல் இருக்கும், அவ்வளவுதான். ஃபைலை நண்பருக்கு அனுப்ப பென் டிரைவோ டிரைவ் லிங்க்கோ போதும். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு ஒரு முறை கசக்கிவிடும்.

படி 3: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில்

கையால் கம்போசிஷன் (ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஷாட்டை வைத்து வேலை செய்யும் டைம்லைன்) உருவாக்காதீர்கள். புராஜெக்ட் பேனலின் அடியில் உள்ள 'கிரியேட் நியூ கம்போசிஷன்' ஐகானின் மேல் ஃபைலை இழுத்துப் போட்டால், அளவு, ஃபிரேம் ரேட், நீளம் எல்லாம் ஃபைலிலிருந்தே வந்துவிடும். 23.976 ஃபிரேம் ஷாட்டை 24 ஃபிரேம் கம்போசிஷனில் போடும் வம்பு இதிலேயே தீர்ந்தது. அடுத்து, அதே பேனலின் அடியில் '8 பிபிசி' (ஒவ்வொரு நிறச் சேனலுக்கும் எத்தனை பிட் என்ற கணக்கு) என்று இருக்கும். ஆல்ட் அழுத்தியபடி அதைச் சொடுக்கி 16 ஆக்குங்கள். வானம், புகை, பளபளப்பு வரும் ஷாட்டில் பட்டை விழாமல் இருக்க இது உதவும்.

பிஎன்ஜி அல்லது இஎக்ஸ்ஆர் படவரிசையாக (ஒவ்வொரு ஃபிரேமும் தனிப் பட ஃபைலாக) ஃபுட்டேஜ் வந்தால் ஒரு எச்சரிக்கை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அதை இயல்பாக 30 ஃபிரேம் என்று எடுத்துக்கொள்ளும். 24 ஃபிரேமில் 10 நொடி ஓடும் ஷாட், 8 நொடியிலேயே முடிந்துவிடும். 'இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ்' போய் சரியான எண்ணைக் கொடுங்கள்.

படி 4: வெளியே எடுப்பது

ரெண்டர் க்யூவில் ரெண்டர் செட்டிங்ஸ் 'பெஸ்ட் செட்டிங்ஸ்' ஆக இருக்கிறதா பாருங்கள். 'கரன்ட் செட்டிங்ஸ்' என்றிருந்தால், பிரிவியூ வேகத்துக்காக நீங்கள் வைத்த ஹாஃப் ரெசல்யூஷனிலேயே ரெண்டர் ஆகித் தொலையும்.

அவுட்புட் மாட்யூலில் மறுபடி ப்ரோரெஸ் 422 ஹெச்க்யூ. பின்னணி இல்லாத டைட்டிலோ புகையோ என்றால் ப்ரோரெஸ் 4444, சேனல்ஸில் 'ஆர்ஜிபி + ஆல்ஃபா' (ஆல்ஃபா என்பது எந்த இடம் ஒளிபுகும் என்ற தகவல்), கலரில் 'ஸ்ட்ரெயிட்'. 422 வகைகளில் ஆல்ஃபா கிடையாது. பின்னணி கறுப்பாக வந்து நிற்கும். எழுத்தைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு தெரிந்தால், பெரும்பாலும் ஸ்ட்ரெயிட் (ஓர நிறத்தில் பின்னணி கலக்காதது), பிரீமல்டிப்ளைடு (கலந்தது) இரண்டும் மாறிப்போனதுதான் காரணம்.

படி 5: ஒப்பிட்டுப் பாருங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. எனக்கு இதுதான் முக்கியம். திரும்பி வந்த ஷாட்டை அசல் ஷாட்டுக்கு மேல் டிராக்கில், ஃபிரேம் பொருந்தும்படி வையுங்கள். அசலை அழிக்காதீர்கள். மேல் கிளிப்பின் ஒபாசிட்டியில் பிளெண்ட் மோடை 'டிஃபரன்ஸ்' ஆக்குங்கள். நீங்கள் கை வைத்த இடம் தவிர மற்றதெல்லாம் கிட்டத்தட்டக் கறுப்பாக வர வேண்டும். ப்ரோரெஸ் என்பதால் மிக லேசான புள்ளிகள் இருக்கலாம், அது பரவாயில்லை.

அசையும் ஆட்களைச் சுற்றி வெளிச்சக் கோடு தெரிந்தால், ஷாட் ஒரு ஃபிரேம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. படம் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தால் கலர் செட்டிங்கில் எங்கோ மாறியிருக்கிறது. போனில் ஹெச்டிஆர் ஆன் செய்து எடுத்த ஃபுட்டேஜில் இது அடிக்கடி வரும். சரி பார்த்ததும் பிளெண்ட் மோடை 'நார்மல்' ஆக்க மறக்க வேண்டாம்.

டைனமிக் லிங்க் எதற்கு?

கிளிப்பில் ரைட் கிளிக் செய்து 'ரீப்ளேஸ் வித் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் காம்போசிஷன்' கொடுத்தால், நடுவில் ஃபைலே இல்லாமல் இரண்டு மென்பொருளும் பேசிக்கொள்ளும். இதுதான் டைனமிக் லிங்க். தர இழப்பு என்ற பேச்சே இல்லை. ஒரே கம்ப்யூட்டரில், இரண்டு மூன்று ஷாட் என்றால் நானும் இதைத்தான் சொல்வேன். ஷாட்கள் கூடினால் டைம்லைன் திணறும். புராஜெக்ட்டை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் லிங்க் அறுந்துபோக வாய்ப்பு உண்டு. எஃபெக்ட்ஸை வேறொருவர் செய்கிறார் என்றால் ப்ரோரெஸ் வழியே போங்கள். ஃபைல் பெயரில் ஷாட் எண்ணும் வெர்ஷன் எண்ணும் இருக்கட்டும்; 'ஃபைனல்_ஃபைனல்2' வேண்டாம்.