வேர்முடிச்சிலிருந்து ரைசோபியத்தை இனங்காணும் முறை

கொங்கு நாட்டின் மானாவாரிக் காடுகளில் நிலக்கடலையின் வேரிலும் குளிர்காலக் கொண்டைக்கடலையின் வேரிலும் முடிச்சிட்டு, காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பயிருக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் பாக்டீரியாக்களை நாம் பொதுவாக ரைசோபியம் என்றே அழைக்கிறோம். 1889இல் இப்பெயர் சூட்டப்பட்டபோது எல்லாம் ஒரே பேரினமாகத்தான் கருதப்பட்டன. மெதுவாக வளர்பவை 1982இல் பிராடிரைசோபியம் என்றும், கொண்டைக்கடலைக்கு உரியவை 1997இல் மீசோரைசோபியம் என்றும் பிரிக்கப்பட்டன. தீவனப் பயிரான குதிரை மசாலின் வேரில் வாழ்வது சைனோரைசோபியம். இவை அனைத்தும் கோல் வடிவமுடைய, வித்து (ஸ்போர்) உண்டாக்காத, காற்று தேவைப்படும், கிராம் சாயச் சோதனையில் ஊதா நிறம் தங்காத கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களே.

விதைத்த 35 முதல் 40 நாளில், ஈரம் இருக்கும்போது, களைக்கொத்தால் செடியைச் சுற்றி ஆழமாகக் கொத்தி மண்ணோடு எடுங்கள். பிடித்து இழுத்தால் பக்கவேர்கள் அறுந்து, முடிச்சுகள் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். இந்த அவசரத்தால்தான் பலர் தங்கள் காட்டில் முடிச்சே இல்லை என்று தவறாக எண்ணுகிறார்கள். வேரை வாளி நீரில் ஊறவைத்து அலசுங்கள். வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருந்து, நகத்தால் நெம்பினால் தனியே உதிர்வது முடிச்சு. வேரே வீங்கியிருந்து உதிராமல் இருந்தால் அது நூற்புழுத் தாக்குதல். முடிச்சைப் பிளேடால் இரண்டாகப் பிளந்ததும் உள்ளே பச்சை இறைச்சியைப் போன்ற இளஞ்சிவப்பு தெரிந்தால், லெக்ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் நிறைந்து தழைச்சத்துச் சேகரிப்பு நடக்கிறது என்று பொருள். வெளுத்திருந்தால் பயனில்லை, பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சு மூப்படைந்துவிட்டது.

பேரினத்தைப் பிரித்தறிய ஆய்வுக்கூட வசதி வேண்டும். முடிச்சின் மேற்புறத்தை ஆல்கஹாலில் நனைத்து, அடுத்து ஹைப்போகுளோரைட்டில் கிருமிநீக்கம் செய்து, தூய நீரில் பலமுறை கழுவி நசுக்கி, அந்தச் சாற்றைப் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி கலந்த ஈஸ்ட் மேனிட்டால் அகார் என்ற வளர்ப்பூடகத் தட்டில் கோடிட்டு, 28 டிகிரி செல்சியஸில் வையுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் பிசுபிசுப்பான பெரிய திட்டுகள் வளர்ந்து தட்டு மஞ்சளானால் ரைசோபியம், சைனோரைசோபியம் போன்ற வேக வளர்ச்சியினம். ஒரு வாரம் கடந்தும் திட்டுகள் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்று தட்டு நீலமானால் பிராடிரைசோபியம். நிலக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு, உளுந்து ஆகியவற்றின் முடிச்சுகளில் பெரும்பாலும் இந்தப் பின்னதே கிடைக்கும். ஆகவே உயிர் உரப் பொட்டலம் வாங்கும்போது ரைசோபியம் என்ற சொல்லை மட்டும் நம்பாமல், எந்தப் பயிருக்கு உரியது என்பதையும் படித்துப் பாருங்கள். கொண்டைக்கடலைக்கு உரியது நிலக்கடலையில் முடிச்சிடாது.

தட்டில் வளர்ந்தது முடிச்சிடும் பாக்டீரியாதானா என்று உறுதிசெய்ய, கிருமிநீக்கிய மணல் நிரப்பிய இரு தொட்டிகளில் அதே பயிரின் தூய விதையை ஊன்றி, ஒன்றில் மட்டும் அந்தப் பாக்டீரியாவைச் சேருங்கள். இரண்டுக்கும் தழைச்சத்து இல்லாத ஊட்டக்கரைசலையே ஊற்றுங்கள். ஐந்தாறு வாரத்தில் சேர்த்த தொட்டிச் செடி முடிச்சிட்டுக் கரும்பச்சையாக நிற்க, மற்றது முடிச்சின்றி வெளிறியிருந்தால் நீங்கள் பிரித்தெடுத்தது சரியானதே.