வீட்டில் கார் சார்ஜர்: செலவு பெட்டியில் இல்லை, சுவருக்குள் இருக்கிறது

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது "சார்ஜருக்கு கவர்ன்மென்ட் எவ்வளவு தருது?" என்றுதான். வீட்டுச் சுவரில் மாட்டும் சார்ஜருக்கு மத்திய அரசின் எந்தத் திட்டத்திலும் மானியம் கிடையாது. 2019 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த, ஃபேம் என்ற மத்திய அரசின் மின்வாகன மானியத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் சொந்தக் காருக்கே மானியம் இல்லை. அதன் பிறகு வந்த பிஎம் இ-டிரைவில் சார்ஜிங்குக்கு ஒதுக்கிய 2,000 கோடி ரூபாயும் பொது நிலையங்களுக்கானது. தமிழ்நாட்டின் 2023 மின்வாகனக் கொள்கை சொல்லும் மூலதன மானியமும் சார்ஜிங் நிலையம் வைப்பவர்களுக்குத்தான்.

பிறகு ஏன் இவ்வளவு பேர் மானியம் உண்டு என்று நம்புகிறார்கள்? வேறு ஊர்க் கதைகள் இங்கே வந்து கலந்துவிட்டன. டெல்லி அரசு 2020 கொள்கையில் முதல் 30,000 சார்ஜிங் பாயின்ட்டுகளுக்கு 6,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்தது. லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் "எனக்கு 350 பவுண்டு வந்தது" என்பார். அங்கேயும் தனி வீட்டின் உரிமையாளர்களுக்கு அது 2022 மார்ச் 31-உடன் நின்றுவிட்டது. "லோன் போட்டா வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரை வருமான வரி கழிவு உண்டு சார்" என்று விற்பனையாளர் சொன்னால், அந்த 80இஇபி பிரிவு 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

உங்களுக்கு நிச்சயமாக உள்ள ஒரு சலுகை ஜிஎஸ்டி. 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்வாகன சார்ஜருக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. சார்ஜர் பெட்டி, கேபிள், வேலைக்கூலி எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி மொத்தத்துக்கும் 18 போட்டு பில் தந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டிக்குத் தனி வரி, வேலைக்குத் தனி வரி என்று பிரித்துக் கேளுங்கள்.

பெரிய பெட்டி என்ற ஆசை

அதிகம் பணம் போகும் தவறு இதுதான். 7.4 கிலோவாட் பெட்டி வாங்கினால் கார் வேகமாக சார்ஜ் ஆகும் என்று நினைக்கிறோம். வீட்டு மின்சாரத்தில் நடக்கும் ஏசி (மாறுதிசை மின்னோட்ட) சார்ஜிங்கில் வேகத்தைத் தீர்மானிப்பது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். சுவரில் இருப்பது கிட்டத்தட்ட ஒரு பாதுகாப்பான சுவிட்ச்தான். காருக்குள் 3.3 கிலோவாட் சார்ஜர் இருந்தால், சுவரில் 7.4 மாட்டினாலும் 11 மாட்டினாலும் உள்ளே போவது 3.3 மட்டுமே. டாடாவின் டியாகோ இவி கார் 2022-இல் அறிமுகமானபோது ஒரே பேட்டரி, ஒரே மாடலில் 3.3-க்கும் 7.2-க்கும் விலை வித்தியாசம் 50,000 ரூபாய். வாங்கும் நாளில் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் 3.3 காரை எடுத்து வந்து, பிறகு கடையில் பெரிய பெட்டிக்குப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுங்கள். இரவு ஒன்பதுக்குச் செருகி காலை ஏழுக்குப் பிடுங்கினால் பத்து மணி நேரம். 3.3 கிலோவாட்டில் 33 யூனிட். சுவரில் எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று அடக்கமாக வைத்தாலும் 230 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் போய் வருகிறவருக்கு இதில் நான்கில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. நல்ல 16 ஆம்பியர் பாயின்ட், அதற்கென்று தனி ஒயர், தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் இருந்தால் போதும். சில ஆயிரங்களில் முடியும் வேலை. வாடகைக் கார் ஓட்டுபவருக்கும், ஒரே வீட்டில் இரண்டு கார் வைத்திருப்பவருக்கும், தினம் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவருக்கும் 7.4 நியாயமானது. மற்றவர்கள் ஆறு மாதம் சின்னதில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

லோடு: யாரும் முதலில் கேட்காத கேள்வி

உங்கள் ஈபி அட்டையிலோ பில்லிலோ அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட் என்று பாருங்கள். பழைய சிங்கிள் ஃபேஸ் வீடுகளில் அது சின்ன எண்ணாகத்தான் இருக்கும். இரவு பத்து மணிக்கு கார் 3.3, படுக்கையறை ஏசி 1.5, யாராவது கீசர் போட்டால் இன்னொரு 2. ஏழு கிலோவாட்டை நெருங்கிவிட்டது. முதலில் ஃபியூஸ் கேரியர் கருகும். அது கருகாமல் தாங்கினால் இன்னும் மோசம், ஏனென்றால் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் சூடேறிக்கொண்டே இருக்கும்.

நம் மாநில விதிப்படி 4 கிலோவாட்டுக்கு மேல் லோடு என்றால் த்ரீ ஃபேஸ். அதற்கு மாற கிலோவாட் கணக்கில் வளர்ச்சிக் கட்டணம், வைப்புத்தொகை, புது மீட்டர், புது சர்வீஸ் ஒயர் எல்லாம் உண்டு. நிலத்தடிக் கேபிள் இருக்கும் பகுதியில் வளர்ச்சிக் கட்டணம் கம்பத்து லைன் பகுதியைவிடக் கூடுதல். சார்ஜர் விலையை மட்டும் ஒதுக்கி வைத்தவர்களுக்கு இங்கேதான் பட்ஜெட் உடைகிறது. மாற்றத்துக்கான விண்ணப்பத்தைக் கார் முன்பதிவு செய்த வாரமே போடுங்கள். கார் வந்து நின்ற பிறகு ஓடினால், அந்த இடைவெளியில்தான் ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுக்கும் வேலை நடக்கும்.

ஏற்கெனவே த்ரீ ஃபேஸ் இருக்கும் வீட்டிலும் ஒன்று கவனியுங்கள். 7.4 கிலோவாட் பெட்டி ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர் இழுக்கும். இரண்டு ஏசி ஓடும் அதே ஃபேஸில் அதையும் மாட்டிவிட்டால் த்ரீ ஃபேஸ் இருந்து பயனில்லை. எந்த ஃபேஸில் என்ன ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியனை எழுதித் தரச் சொல்லுங்கள். கார் லைனை இன்வெர்ட்டர் சர்க்யூட்டில் சேர்க்கக் கூடாது என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். போர்ட்டிகோ விளக்கு இன்வெர்ட்டரில் இருந்தால் அதே லைனில் பக்கத்தில் பாயின்ட் எடுத்துவிடுகிறார்கள்.

எர்த் விஷயத்தில் விளையாட வேண்டாம்

எங்கள் வீட்டில் முதல் இரண்டு மாதம் காரை கீசருக்குப் போட்ட பழைய லைனில்தான் சார்ஜ் செய்தோம். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், பதினைந்து வருடப் பழசு. கீசர் இருபது நிமிடம் ஓடி நிற்கும். கார் எட்டு மணி நேரம் நிற்காமல் 15 ஆம்பியர் இழுக்கும். ஒருநாள் காலையில் பிளக்கைப் பிடுங்கப் போனபோது சாக்கெட்டின் முகம் உருகி, பின் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அது உருகியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்கும்.

அதனால் சொல்கிறேன். 16 ஆம்பியர் பாயின்ட்டுக்கு மீட்டர் போர்டிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், நடுவில் இணைப்பு இல்லாமல். 32 ஆம்பியர் பெட்டிக்கு 6, பார்க்கிங் தூரமாக இருந்தால் 10. "இலவச இன்ஸ்டலேஷன்" என்று கார் கம்பெனி சொல்வது குறிப்பிட்ட மீட்டர் நீளம் வரைதான். அதற்கு மேல் மீட்டருக்கு இவ்வளவு என்று கணக்காகும். மீட்டர் போர்டு வீட்டின் பின்பக்கமும் கார் முன்பக்கமும் என்றால், சுவரோரமாக டேப் பிடித்து அளந்துவிட்டு விலை பேசுங்கள்.

இதைவிட ஆபத்தான ஒரு குறுக்குவழி ஊரெங்கும் நடக்கிறது. எர்த் சரியில்லை என்றால் காரின் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அது உங்களைக் காப்பாற்றத்தான் நிற்கிறது. வந்த எலக்ட்ரீஷியன் "ஒண்ணுமில்ல சார், ரெண்டு நிமிஷம்" என்று சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார். விளக்கு பச்சையாகும், சார்ஜ் ஏறும், அவருக்குக் கூலியும் கிடைக்கும். பிறகு ஒரு மழைநாளில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் காரின் உலோக உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஈரத் தரையில் நின்று கதவைத் திறக்கப் போகும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். யார் செய்தாலும், எவ்வளவு அனுபவம் உள்ளவர் சொன்னாலும், இதை அனுமதிக்காதீர்கள்.

செய்ய வேண்டியது புதிதாக ஒரு எர்த் குழி. வேலை முடிந்ததும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று மீட்டரை வைத்து உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். ஓரிரு வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. லோடு ஓடும்போதும் ஒருமுறை பார்க்க வேண்டும். கூடவே 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். அதிலும் மாறுதிசை மின்கசிவை மட்டும் உணரும் "ஏசி" வகை போதாது, ஏனென்றால் கார் சார்ஜரிலிருந்து கசிவது நேர்மின்னோட்டமாகவும் (டிசி) இருக்கலாம். குறைந்தது "ஏ" வகை கேளுங்கள், பெட்டிக்குள் 6 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டக் கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத பெட்டிக்கு விலை உயர்ந்த "பி" வகை தேவைப்படும். மொத்தச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான். கேமரா, ஆப், வைஃபை எல்லாம் இல்லாத பெட்டியை வாங்கி அந்தப் பணத்தை இதில் போடுங்கள்.

ஸ்லாபு கணக்கு

"யூனிட் அஞ்சு ரூபாய், கிலோமீட்டருக்கு எழுபது காசு" என்று ஷோரூமில் சொல்லும் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாது. சொந்த வீட்டில் சொந்தக் காரை சார்ஜ் செய்ய வீட்டு மின்கட்டணமே பொருந்தும், ஆனால் இரண்டு மாதக் கணக்கில் யூனிட் ஏற ஏற விலையும் படிப்படியாக ஏறும். இந்தப் படிகள்தான் ஸ்லாபு. 2024 ஜூலை ஆணைப்படி 400 யூனிட் வரை 4.80, 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, அதற்கு மேல் 10.70, ஆயிரம் தாண்டினால் 11.80 ரூபாய் என்று இருந்தது. அரசு மானியம் போகக் கையில் கட்டுவது இதைவிடச் சற்றுக் குறையும்.

கார் வருமுன் 400 யூனிட் ஓடிய வீடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்தில் 2,000 கிலோமீட்டர் ஓட்டினால் 285 யூனிட் கூடும். அந்த 285-உம் மேல் ஸ்லாபுகளில் போய் உட்காருவதால் கூடுதல் பில் ஏறக்குறைய 2,300 ரூபாய், அதாவது யூனிட் 8 ரூபாய். 500-ஐத் தாண்டியதால் கீழே கிடைத்த சலுகையும் கொஞ்சம் கழியும். அப்படிப் பார்த்தாலும் கிலோமீட்டர் ஒன்றேகால் ரூபாயை ஒட்டித்தான், பெட்ரோலோடு ஒப்பிட முடியாத மலிவு. ஆனால் ஏற்கெனவே 900 யூனிட் ஓடும் வீட்டில் கார் குடிப்பது முழுக்கப் பதினொன்று, பன்னிரண்டு ரூபாய் மின்சாரம். உங்கள் பில்லை வைத்துக் கணக்குப் போடுங்கள், அடுத்தவர் பில்லை வைத்து அல்ல.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளின்படி காருக்கென்று தனி மின் இணைப்பு கேட்கலாம். கேட்குமுன் அந்த இணைப்புக்கு என்ன கட்டண வகை, மாத நிலைக்கட்டணம் உண்டா என்று பிரிவு அலுவலகத்தில் விசாரியுங்கள். மாதம் 150 யூனிட்டுக்குக் குறைவாக எடுப்பவருக்கு அது பல நேரம் கட்டுப்படியாகாது.

மானியம் உண்மையில் இருக்கும் இடம்

ஸ்லாபு பயத்துக்கு மருந்து கூரைமேல் இருக்கிறது. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய் வரை மானியம். 3 கிலோவாட் பலகைகள் நம் வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 700-ஐத் தாண்டும். கார் பகலில் அலுவலகத்தில் நின்றால் என்ன பயன் என்று கேட்பார்கள். பகலில் லைனுக்குப் போகும் யூனிட் நெட் மீட்டரில் வரவு வைக்கப்பட்டு, இரவில் கார் எடுப்பதோடு கழியும். மேல் ஸ்லாபு யூனிட்டுகள்தான் முதலில் கரையும் என்பதால் லாபம் கூடுதல்.

இதிலும் தவறுகள் உண்டு. பலகைகளை மாட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பது, இந்தியாவில் செய்த செல் இல்லாத பலகைக்குச் சம்மதிப்பது, இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும் இணைப்பைப் பெயர் மாற்றாமல் விண்ணப்பிப்பது. மூன்றிலும் மானியம் சிக்கும். "மானியத்தைக் கழிச்சுக்கிட்டு மீதியைக் கொடுங்க" என்கிறவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பணம் மீட்டர் மாட்டிச் சரிபார்த்த பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கே நேராக வரும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் பொது மீட்டரில் பாயின்ட் எடுத்துக்கொண்டு "மாசம் ஆயிரம் கொடுத்துடுறேன்" என்று வாய்ப்பேச்சில் ஆரம்பிக்கிறார்கள். பொதுப் பயன்பாட்டு இணைப்புக்கு வேறு கட்டண வகை, தொடக்க யூனிட்டிலிருந்தே விலை அதிகம். சங்கக் கூட்டத்தில் சண்டை வருவது இதில்தான். உங்கள் சொந்த மீட்டரிலிருந்து கேபிள் இழுப்பது செலவு கூடினாலும் நிம்மதி. பத்துப் பேர் கார் வாங்கும் குடியிருப்பு என்றால், அதே சூர்ய கர் திட்டத்தில் சங்கங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மின்வாகன சார்ஜிங் உள்ளிட்ட பொது வசதிகளுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய், வீட்டுக்கு 3 கிலோவாட் கணக்கில் 500 கிலோவாட் வரை. இதைக் கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்ல வேண்டும். பல சங்கங்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

கடைசியாகப் பெட்டியை எங்கே மாட்டுவது. 2015-லும் 2023 டிசம்பரிலும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று சுவரில் கறை இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நினைவிருக்கும். பெட்டியும் சாக்கெட்டும் அவற்றின் எம்சிபியும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும்.