ஃபேர்வெல் டெகரேஷன் பேப்பர்லயே பண்ணலாம் வாங்க: பேர் போட்ட தோரணம், விசிறிப் பூ, பூப்பந்து

பொங்கல் லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்தாலே பிளஸ் ஒன் பசங்களுக்கு இந்த வேலை வந்துடும், பிளஸ் டூ அண்ணன் அக்காங்களுக்கு ஃபேர்வெல் வைக்கணும், மார்ச்ல பப்ளிக் எக்ஸாம், அதுக்கு முன்னாடி பிராக்டிகல், நடுவுல கெடைக்கிற ஒரு நாள்ல எல்லாத்தையும் முடிச்சாகணும். எங்க தெருப் பிள்ளைங்களுக்கு நான் மூணு வருஷமா இதுக்கு ஒத்தாசை பண்றேன். மொத வருஷம் பத்து பன்னெண்டு வகை ஐட்டம் பண்ணோம், எதுவுமே எடுப்பா தெரியல. இப்போ மூணே வகைதான், ஆனா நெறைய பண்றோம், ரூமுக்குள்ள நுழையும்போதே கண்ணு நெறஞ்சு போகுது. அதனால நீங்களும் மூணோட நிறுத்திக்கோங்க. கலரும் ரெண்டு இல்ல மூணு போதும், மஞ்சள், அடர் நீலம், வெள்ளை ரொம்ப நல்லா சேரும்.

வாங்க வேண்டியது: சார்ட் பேப்பர், கலர் ஏ4 பேப்பர், கிஃப்ட் சுத்துற மெல்லிசு டிஷ்யூ பேப்பர் (மூஞ்சி தொடைக்கிறது இல்ல, பெரிய ஷீட்டா வரும்), சணல் கயிறு, ஸ்டேப்ளர், பெவிகால், கத்தரிக்கோல், மாஸ்கிங் டேப். கிரேப் பேப்பர் நான் வாங்குறது இல்ல. ஒரு தடவ மேல தண்ணி தெறிச்சு சாயம் எறங்கி ஒரு பையனோட வெள்ளைச் சட்டை பூரா செவப்பாயிடுச்சு, பாவம் அன்னைக்கு முழுக்க அவன் போட்டோவுக்கே வரல.

பேர் போட்ட தோரணம்

மூணுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், நேரம் கம்மியா இருந்தா இத மட்டுமாவது பண்ணுங்க. கோயில் திருவிழாவுக்குத் தெருவுக்குக் குறுக்க கலர் பேப்பர மடிச்சு கயித்துல ஒட்டித் தொங்க விடுவாங்களே, அதேதான், ஆனா ஒவ்வொரு கொடியிலயும் ஒரு பேர் இருக்கும்.

சார்ட் பேப்பர் பெரும்பாலும் 22க்கு 28 இஞ்ச்ல வரும். ஸ்கேல் கூட வேணாம், நீளவாக்குல பாதியா மடிச்சு திரும்பப் பாதியா மடிங்க, பிரிச்சுட்டு அகலவாக்குலயும் அதே மாதிரி ரெண்டு தடவ மடிங்க, இப்போ பிரிச்சா 16 கட்டம் இருக்கும், மடிப்புலயே வெட்டுங்க. ஒவ்வொண்ணும் அஞ்சரை இஞ்ச் அகலம் ஏழு இஞ்ச் நீளம் வரும். 42 பேர் படிக்கிற கிளாஸ்னா மூணு சார்ட் போதும், ஆறு கொடி மிச்சமும் இருக்கும், அத கிளாஸ் டீச்சர், பி.டி. சார், ஆயாம்மா, வாட்ச்மேன் அண்ணன்னு அவங்களுக்கு வெச்சுக்கோங்க. ஆயாம்மா பேர எழுதினப்போ அவங்க அதுக்குக் கீழயே ரொம்ப நேரம் நின்னு பாத்துட்டு இருந்தாங்க, அதுக்கப்புறம் நாங்க அத விட்டதே இல்ல.

மேல ஒரு இஞ்ச் பின்பக்கமா மடிச்சுக்கோங்க, கயிறு போறதுக்கு. கீழ நடுவுல முக்கோணமா ஒரு வெட்டு குடுத்தீங்கன்னா மீன் வால் மாதிரி அழகா இருக்கும். பேர மொதல்ல பென்சில்ல எழுதுங்க, அப்புறம் மார்க்கர், கட்டாயம் கையெழுத்து நல்லா இருக்குற ஒரே ஆள்கிட்ட குடுங்க. எழுதறதுக்கு முன்னாடி அட்டெண்டன்ஸ் பாத்து சரி பாருங்க, ஒருத்தர் விட்டுப் போனாலும் அன்னைக்கு அவங்க மனசு கஷ்டப்படும். பின்னாடி ஜூனியருங்க அவங்களப் பத்தி ரெண்டு வரி எழுதுங்க, லேப்ல சொல்லிக் குடுத்தது, கபடில கூட்டிட்டுப் போனது, எதுவா இருந்தாலும் சரி, உண்மையா நடந்ததா இருக்கட்டும்.

இப்போ கயித்த மடிப்புக்குள்ள விட்டு ரெண்டு ஓரத்துலயும் ஸ்டேபிள் அடிங்க. பசை போட்டு ஒட்டாதீங்க, காரணம் கடைசில சொல்றேன். கொடிக்கும் கொடிக்கும் நாலு இஞ்ச் எடவெளி விட்டா 42 கொடிக்கு பத்து மீட்டர்கிட்ட வரும், கட்டுறதுக்கும் சேத்து 12 மீட்டரா வாங்கிக்கோங்க. ஒரே கயிறா விட்டா நடுவுல தொய்ஞ்சு தலைல இடிக்கும், அதனால ரெண்டா பிரிச்சுக் கட்டுங்க.

விசிறிப் பூ

போர்டுக்குப் பக்கத்துல சுவத்துல வைக்கிற வட்டப் பூ. ஒரு பூவுக்கு ரெண்டு ஏ4. பேப்பரோட சின்னப் பக்கம் உங்களப் பாத்து இருக்கட்டும், அங்கேருந்து ஒன்றரை செ.மீ. மடிப்பு, பேப்பரத் திருப்பி இன்னொரு மடிப்பு, இப்படியே மாத்தி மாத்தி கடைசி வரைக்கும், சுமாரா 20 மடிப்பு வரும். மடிச்ச பட்டைய சரியா நடுவுல ஸ்டேபிள் பண்ணி ரெண்டா வளைங்க, உள்பக்கம் சேர்ற எடத்த பெவிகால் போட்டு ஒட்டினா ஒரு அரை வட்டம். இன்னொரு ஏ4லயும் இதே மாதிரி பண்ணி ரெண்டையும் சேத்து ஒட்டுங்க, 21 செ.மீ. வட்டம் ரெடி.

நெறைய பேர் ஒரே பேப்பர்ல முழு வட்டம் இழுக்கப் பாத்து கிழிச்சுடுறாங்க. கணக்கு போட்டுப் பாருங்க, அந்த வட்டத்தோட சுத்தளவே 66 செ.மீ., ஒரு ஏ4 ஓரம் ரெண்டு பக்கமும் சேத்தே 59 செ.மீ.தான், அப்போ மடிப்பே இல்லாம விரிச்சாலும் பத்தாது. ரெண்டு பேப்பர்னா 119 வந்துடும், மடிப்பு நல்லா நிக்கும். ஒட்டினதும் கை எடுத்துடாதீங்க, துணி கிளிப் போட்டு பத்து நிமிஷம் விடுங்க. நடுவுல ஒரு சின்ன வட்டம் வெட்டி ஒட்டி அதுல வருஷம் எழுதிடலாம்.

பூப்பந்து

டிஷ்யூ ஷீட் 50க்கு 70 செ.மீ. இருந்தா குறுக்க பாதியா வெட்டுங்க, 50க்கு 35 ஆயிடும். அந்த மாதிரி எட்டு பாதி, அதாவது நாலு முழு ஷீட், ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி 50 செ.மீ. பக்கமா ஒரு இஞ்ச் மடிப்பா மடிச்சுட்டே போங்க. 35 செ.மீ. நீளப் பட்டை கெடைக்கும், நடுவுல நூலால கட்டுங்க, தொங்க விடுற அளவுக்கு நூல நீளமா விடுங்க. ரெண்டு நுனியையும் வளைவா வெட்டுங்க. அப்புறம் ஒவ்வொரு அடுக்கா நடு முடிச்சு வரைக்கும் விரல விட்டு மெதுவா மேல தூக்கணும், நாலு அடுக்கு மேல, நாலு கீழ. பொறுமை வேணும், அவசரப்பட்டு நுனியப் பிடிச்சு இழுத்தா கிழிஞ்சுடும். மொத பந்துக்கு 20 நிமிஷம் ஆகும், அப்புறம் கை பழகிடும். இத மட்டும் முந்தின நாள் விரிக்காதீங்க, பட்டையாவே எடுத்துட்டுப் போய் அங்க விரிங்க, பைல நசுங்கிப் போச்சுன்னா திரும்ப அந்த உருண்டை வராது.

காலேஜ் ஃபைனல் இயருக்குப் பண்றவங்க பட்டமளிப்புத் தொப்பி கேப்பீங்க. கருப்பு சார்ட்ல நாலு இஞ்ச் சதுரம் ஒண்ணு, ஒன்றரைக்கு எட்டு இஞ்ச் பட்டை ஒண்ணு. பட்டைய வளையமா ஒட்டி, மேல் ஓரத்துல அரை இஞ்ச்சுக்குப் பல்லு பல்லா வெட்டி உள்ள மடக்கி சதுரத்துல ஒட்டுங்க, மஞ்சள் நூல்ல குஞ்சம். கொத்தனார் சாந்து வெச்சுக்கிற பலகை மாதிரி இருக்குன்னுதான் இங்கிலீஷ்ல இதுக்கு மார்ட்டர் போர்டுன்னே பேர் வந்துச்சு.

கட்டும்போது

சீலிங் ஃபேன் சுத்துற எடத்துல எதையும் தொங்க விடாதீங்க, ஜன்னல் கம்பி, ஏற்கனவே இருக்குற ஆணி, இதுல மட்டும் கட்டுங்க. கட்டி முடிச்சதும் ஃபேன ஃபுல் ஸ்பீடுல வெச்சு அஞ்சு நிமிஷம் பாருங்க, ஃபேன் இல்லாம யாராலயும் உக்கார முடியாது இல்லையா. சுவத்துக்கு மாஸ்கிங் டேப்தான், செல்லோ டேப் ஒட்டி எடுத்தா பெயிண்ட்டோட வரும், நாங்க அதுக்கு ஹெட்மாஸ்டர்கிட்ட நல்லா வாங்கியிருக்கோம். குத்துவிளக்கு ஏத்துவாங்கன்னா அந்தப் பக்கம் ஆறு அடிக்குள்ள பேப்பரே வேணாம்.

எல்லாம் முடிஞ்சு கழட்டும்போதுதான் அந்த ஸ்டேபிள் விஷயம். பூப்பந்தும் விசிறிப் பூவும் அடுத்த நாள் குப்பைக்குப் போனாலும் போகும், ஆனா அந்தக் கொடிய அவங்கவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்க. நான் பாத்த ஒரு பொண்ணு காலேஜ் ஹாஸ்டல்ல அத அலமாரி கதவுல ஒட்டி வெச்சிருக்கா. அதனால ஸ்டேபிள் பின்ன கையால பிடுங்காம ஸ்டேபிள் ரிமூவர் வெச்சு எடுங்க, பேர் கிழியாம வரும். அன்னைக்கு வராதவங்க கொடிய மட்டும் ஒரு கவர்ல போட்டு கிளாஸ் டீச்சர்கிட்ட குடுத்து வைங்க, ஹால் டிக்கெட் வாங்க வரும்போது அவங்க கைல குடுத்துடுவாங்க.